நிறுத்திச் சோதித்த படகுகள்: மீகாங் டெல்டாவில் ஆற்று ரோந்துப் படை



ஒரு படைப்பிரிவின் வரலாற்றை எழுத உட்காருபவருக்கு முதலில் கைக்குக் கிடைப்பவை சண்டை அறிக்கைகள்தாம். எங்கே சுட்டார்கள், எத்தனை பேர் மடிந்தார்கள், யாருக்கு எந்தப் பதக்கம் கிடைத்தது என்பதெல்லாம் தேதியோடும் நேரத்தோடும் பதிவாகியிருக்கும். சண்டை நடக்காத நாளைப் பற்றி நீளமாக எழுதி வைப்பவர்கள் அரிது. வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படையின் ஆற்று ரோந்துப் படை மீகாங் டெல்டாவில் ஆற்றிய பணியும் இந்த அறிக்கைகளின் வழியாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நூல்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் பதுங்கித் தாக்குதலும் பதிலடியும் வருகின்றன. 1979-இல் வெளியான ‘அபோகலிப்ஸ் நௌ’ படம் அந்தச் சிறிய பச்சைப் படகை உலகமெங்கும் அறிமுகப்படுத்தியது. அதில் ஒற்றைப் படகு ஆற்றில் தன்னந்தனியாக மேலேறிப் போகிறது. உண்மையில் இப்படகுகள் இரண்டிரண்டாகவே ரோந்து சென்றன. அவற்றின் அன்றாட வேலை சண்டையும் அன்று. ஆற்றில் போகும் நாட்டுப் படகை நிறுத்தி, ஆளையும் சரக்கையும் சோதித்து அனுப்புவதே அவற்றின் வேலை. இந்தப் படை எதைச் சாதித்தது, எதைச் சாதிக்க முடியாமல் போயிற்று என்பதற்கான விடை அந்தச் சோதனையில்தான் கிடக்கிறது என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கம்போடியாவிலிருந்து இறங்கும் மீகாங், தெற்கு வியட்நாமில் பல கிளைகளாகப் பிரிந்து கடலில் விழுகிறது. தெற்குப் பெருங்கிளைக்கு பாஸாக் என்று பெயர். இவற்றுக்கு இடையே கால்வாய்களும் வாய்க்கால்களும் வலைபோல் ஓடுகின்றன. கம்போடிய எல்லையை ஒட்டிய வின் தே கால்வாய் 1819-க்கும் 1824-க்கும் இடையில் மனித உழைப்பால் வெட்டப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியில் இன்னும் பல வெட்டப்பட்டன. சதுப்பு நிலம் நெல்வயலாயிற்று. அந்த நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்தவர்களில் சைகோனில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் உண்டு என்பதை இந்த அவைக்கு நினைவூட்டத் தேவையில்லை. சாலை குறைந்த அந்த நாட்டில் நெல்லும் மீனும் வாத்தும் கல்யாணக் கூட்டமும் நோயாளியும் படகில்தான் போக வேண்டும். அதே தண்ணீரில்தான் தெற்கு வியட்நாம் அரசை எதிர்த்துப் போரிட்ட தேசிய விடுதலை முன்னணியின் ஆட்களும் ஆயுதங்களும் வரிப் பணமும் போய்வந்தன. பிரெஞ்சுக்காரர்கள் 1945 முதல் 1954 வரை இதே ஆறுகளில் படகுப் படை நடத்திப் பார்த்தவர்கள். 1964-இல் கேப்டன் ஃபிலிப் பக்லூ தலைமையில் வந்த அமெரிக்கக் குழு, கடற்கரையைக் காத்தால் மட்டும் போதாது, ஆறுகளிலும் ரோந்து வேண்டும் என்று எழுதியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வுங் ரோ விரிகுடாவில் ஆயுதம் ஏற்றிய வடவியட்நாம் கப்பல் ஒன்று பிடிபட்டதும் கடற்கரைக் காவல் தொடங்கியது. 1965 டிசம்பர் 18 அன்று ஆற்றுக்கென 116-ஆம் பணிப்படை அமைந்தது. அதன் நடவடிக்கைக்கு ‘கேம் வார்டன்’, அதாவது வேட்டைக் காவலர், என்று பெயரிட்டார்கள்.

அமெரிக்கக் கடற்படையிடம் அப்போது இதற்கேற்ற படகு இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் உல்லாசப் படகு கட்டிக்கொண்டிருந்த யுனைடெட் போட்பில்டர்ஸ் நிறுவனத்தின் ஃபைபர் உடலை எடுத்துக்கொண்டு, அதில் இரண்டு டீசல் என்ஜின்களையும் ஜக்கூஸி நிறுவனத்தின் நீர்த்தாரைப் பம்புகளையும் பொருத்தினார்கள். 31 அடி நீளம். புரொப்பெல்லர் கிடையாது, அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சியடித்து ஓடும். ஆகவே முழு வேகத்தில் ஓர் அடிக்கும் குறைவான ஆழத்தில் ஓடவும், தன் நீளத்துக்குள்ளேயே திரும்பவும் அதனால் முடிந்தது. முன்புறம் இரட்டை ஐம்பது காலிபர் இயந்திரத் துப்பாக்கி, பின்புறம் ஒன்று, சிறியதொரு ரேடார், நான்கு மாலுமிகள். படகுத் தலைவர் பெரும்பாலும் கல்லூரி கண்ட அதிகாரி அல்லர். பணியில் உயர்ந்த மூத்த மாலுமி. ஓட்டுநரையும் துப்பாக்கிக்காரரையும் சுற்றிச் சில தகடுகள் தவிரக் கவசம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேகமே கவசம் என்பது வடிவமைப்பின் அடிப்படை. எதிரியின் ராக்கெட் குண்டு சில வேளை வெடிக்காமலே மெல்லிய ஃபைபரைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடும். தாரைப் பம்பின் வாயில் நீர்ச்செடியோ கோரையோ அடைத்துக்கொண்டால் வேகம் போய்விடும்; ஆளொருவர் இறங்கிக் கையால் பிடுங்க வேண்டும். 1966 மார்ச்சில் முதல் படகுகள் வந்தன. 1968-இல் சுமார் 250 ஆயின. ந்யா பே, மி தோ, சா டெக், கான் தோவை அடுத்த பின் துய் ஆகிய இடங்களிலிருந்து அவை புறப்பட்டன. ஆற்றில் நங்கூரமிட்ட பழைய தரையிறக்கக் கப்பல்கள் சிலவும் அவற்றுக்குத் தாய்வீடாயின.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். மணிக்கு 25 கடல் மைலுக்கு மேல் ஓடுவதற்காகவே கட்டப்பட்ட படகு, தன் முக்கியமான வேலையைச் செய்யும்போது ஓடவே கூடாது. ரோந்துப் படகு ஒன்று ஆற்றின் நடுவில் நின்று கைகாட்டி, சம்பான் எனப்படும் நாட்டுப் படகு ஒன்றை அழைக்கிறது. இன்னொன்று சற்றுத் தள்ளி நின்று கரையைப் பார்த்துத் துப்பாக்கியைத் திருப்பி வைத்திருக்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் படகு நீரோட்டத்தில் மெல்ல இழுபடுகிறது. சம்பானில் ஒரு கிழவி, இரண்டு குழந்தைகள், நெல் மூட்டைகள், கூடையில் வாத்துகள். உடன் வரும் தெற்கு வியட்நாமியக் காவலர் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்க்கிறார். மாலுமிக்கு அந்த மொழி தெரியாது. மாலுமி நெல்லுக்குள் கம்பியைக் குத்திப் பார்க்கிறார், அடிப்பலகை இரட்டையா என்று தட்டிப் பார்க்கிறார், பிறகு கையசைத்து அனுப்புகிறார். அந்தச் சில நிமிடங்களும் இரு கரைகளிலும் ஒளிந்திருக்கக்கூடிய எவருக்கும் அந்த ஃபைபர் படகு அசையாத இலக்கு. அடுத்த சம்பான் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். ஒரு ரோந்து பன்னிரண்டு மணி நேரம் நீடிக்கும். இருட்டிய பிறகு ஆற்றில் ஊரடங்கு. இரவில் அசையும் படகு எதிரிப் படகு என்றே முன்முடிவு. நிறுத்தச் சொல்லியும் எச்சரித்தும் நில்லாமல் ஓடினால் சுடலாம். இரவில் மீன் பிடிப்பவனும், பிரசவத்துக்கு மனைவியை அழைத்துப் போகிறவனும், ஆயுதம் கடத்துகிறவனும் ரேடாரில் ஒரே புள்ளிதான்.

இந்த வேலையின் அளவை ஒரு கணக்கு சொல்கிறது. 1967-இல் மட்டும் ஆற்று ரோந்துப் படையினர் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட படகுகளில் ஏறிச் சோதித்தார்கள் என்று கடற்படை வரலாறு பதிவு செய்கிறது. அந்த ஆண்டில் அழிக்கவோ சேதப்படுத்தவோ கைப்பற்றவோ பட்ட எதிரிப் படகுகள் இரண்டாயிரத்துச் சொச்சம். கொல்லப்பட்ட, காயம்பட்ட, பிடிபட்ட எதிரிகள் 1,400-க்கு மேல். கடற்படை தன் பங்கில் 39 பேரை இழந்தது. 366 பேர் காயமடைந்தனர். 9 பேரைக் காணவில்லை. அந்த இரண்டாயிரம் படகுகளும் சோதனையில்தான் சிக்கின என்று வாதத்துக்காக ஒப்புக்கொண்டாலும், ஏறத்தாழ இருநூறு படகுகளைச் சோதித்தால்தான் ஒன்று. அவற்றிலும் பெரும்பகுதி சண்டையிலும் துரத்தலிலும் அழிந்தவை என்பதால் உண்மை விகிதம் இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். ஆக, துப்பாக்கி முனையில் நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நெல்லையும் மீனையும் சந்தைக்குக் கொண்டுபோனவர்கள். டெல்டாவின் மக்களுக்கு அமெரிக்கா என்பது இந்தச் சந்திப்புதான். கடற்படையின் அறிக்கைகளில் அதற்கு ஒரு வரி. மக்களுக்கோ அது வாரம் தவறாத அனுபவம்.

இதற்கு உடனே எழும் மறுப்பு வலுவானது. காவலின் வெற்றியைப் பிடிபட்ட திருடர்களை எண்ணி அளக்க முடியாது. காவல் இருப்பதால் வராமல் போன திருடர்களையும் எண்ண வேண்டும் என்பார்கள். சைகோன் துறைமுகத்தை அவர்கள் சான்றாகக் காட்டலாம். அந்தச் சான்றை நான் முழுமனதாக ஏற்கிறேன். கடலிலிருந்து சைகோனுக்குக் கப்பல்கள் வந்த ஒரே பெருவழி லோங் டாவ் ஆறு. அது ருங் சாட் என்னும் அலையாத்திக் காட்டினூடே வளைந்து வளைந்து வருகிறது. பிச்சாவரத்தையோ முத்துப்பேட்டையையோ பார்த்தவர்களுக்கு அதன் தன்மை புரியும். 1966 ஆகஸ்ட் 23 அன்று பேட்டன் ரூஜ் விக்டரி என்ற சரக்குக் கப்பலை அங்கே கண்ணிவெடி பிளந்தது. ஏழு பேர் இறந்தார்கள். கப்பல் ஓரம் சாய்ந்து தரைதட்டியதால் வழி அடைபடவில்லை. ஒரு பெரிய கப்பல் நடு ஆற்றில் மூழ்கியிருந்தால் நாட்டின் பெரும்பகுதிச் சரக்கும் நின்றிருக்கும். கண்ணிவாரிப் படகுகளும் ரோந்துப் படகுகளும் ஹெலிகாப்டர்களும் சேர்ந்து அந்த வழியைப் போர் முடியும்வரை மூடவிடாமல் காத்தன. அது மெய்யான சாதனை. ஆனால் லோங் டாவில் காக்க வேண்டியது ஒரே ஒரு வழி. அதில் போவது யாருடைய கப்பல் என்பதில் குழப்பம் இல்லை. டெல்டாவில் இந்த இரண்டுமே தலைகீழ். சுமார் மூவாயிரம் கடல் மைல் நீர்வழி. எல்லோரும் போகும் பாதை. எதிரி யார் என்பது முகத்தில் எழுதியிருக்காது. லோங் டாவில் வென்ற முறையை அங்கே எடுத்துப் போனது, ஒரு நோய்க்குக் கேட்ட மருந்தை வேறொரு நோய்க்குக் கொடுத்ததற்கு ஒப்பு.

எதிரி என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். ரோந்து பெரிய ஆறுகளில். எனவே விடுதலை முன்னணியின் சரக்கு ஆற்றோடு போவதை விட்டு, ஆற்றைக் குறுக்கே கடந்தது. ஒரு வாய்க்கால் வாயிலிருந்து எதிர்க்கரை வாய்க்காலுக்கு இருட்டில் ஒரு தாண்டு தாண்டிவிட்டால் மீதிப் பயணம் ரோந்துப் படகு நுழைய அஞ்சும் குறுகிய நீரில். இதைப் படையின் மிகப் புகழ்பெற்ற சண்டையே காட்டுகிறது. 1966 அக்டோபர் 31 அன்று மாலை, ஜேம்ஸ் எலியட் வில்லியம்ஸ் என்ற மூத்த மாலுமியின் 105-ஆம் எண் படகும் துணைப்படகும் மீகாங்கில் இரு சம்பான்களைத் துரத்தின. துரத்திக்கொண்டே ஒரு கால்வாய்க்குள் புகுந்தவர்கள் எதிர்பாராமல் எதிரியின் பெரிய படகுக் கூட்டத்துக்குள் போய் விழுந்தார்கள். கரையில் படைவீரர்கள், நீரில் சரக்கும் ஆளும் ஏற்றிய படகுகள். வில்லியம்ஸ் பின்வாங்காமல் ஹெலிகாப்டர்களை அழைத்து, இருட்டிய பின் தேடுவிளக்கை ஏற்றிக்கொண்டு, மூன்று மணி நேரம் போரிட்டார். அழிந்த எதிரிப் படகுகள் 65. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது; 2004-இல் அவர் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று பணியில் சேர்ந்தது. அவருடைய துணிச்சலைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அத்தனை படகுகள் ஓரிடத்தில் திரண்டிருந்ததை அதற்கு முந்தைய நாட்களின் சோதனைகள் ஏன் காட்டவில்லை? அவற்றைக் கண்டுபிடித்தது சோதனை முறை அன்று, ஒரு துரத்தலின் தற்செயல்.

1968 ஜனவரி இறுதியில், வியட்நாமியப் புத்தாண்டை ஒட்டி, எதிரியின் டெட் தாக்குதல் வெடித்தபோது இந்தக் கேள்வி பெரிதாகத் திரும்பி வந்தது. டெல்டாவின் மாகாணத் தலைநகரங்கள் பலவும் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. சௌ டாக், பென் ட்ரே, மி தோ நகரங்களில் ரோந்துப் படகுகளின் துப்பாக்கிகள் முக்கியமான நேரத்தில் கைகொடுத்தன. வின் லோங்கில் படகுத் தளத்தையே விட்டு ஆற்றிலிருந்த தாய்க்கப்பலுக்கு விலக வேண்டியிருந்தது. படை இல்லாமல் இருந்திருந்தால் சில நகரங்கள் நீண்ட நாள் மீளாமல் கிடந்திருக்கும் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வது சரிதான். ஆனால் இது பீரங்கிப் படகாக அதற்குக் கிடைத்த நற்பெயர். ரோந்துப் படையாக அன்று. அத்தனை நகரங்களைச் சுற்றியும் ஆயுதமும் ஆளும் மாதக்கணக்கில் வந்து குவிந்தன. அவை வந்த வழி தண்ணீர். அந்த மாதங்களிலும் சோதனைகள் குறைவில்லாமல் நடந்துகொண்டுதான் இருந்தன.

என் வாதத்துக்கு மிக வலுவான சாட்சி கடற்படையே. 1968 செப்டம்பர் இறுதியில் வியட்நாமிலிருந்த அமெரிக்கக் கடற்படையின் பொறுப்பை ஏற்ற எல்மோ சும்வால்ட், சில வாரங்களில் முழு முறையையும் மாற்றினார். பெரிய ஆறுகளில் சந்தைக்குப் போகும் படகுகளைச் சோதிப்பதிலிருந்து படகுகளை எடுத்து, கம்போடிய எல்லையை ஒட்டிய கால்வாய்களுக்கு அனுப்பினார். இந்தத் திட்டத்துக்கு ‘சீலார்ட்ஸ்’ என்று பெயர். எல்லை சைகோனை நோக்கி மூக்கு நீட்டும் இடம் தலைநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அதன் இருபுறமும் ஓடும் வாம் கோ ஆறுகளில் டிசம்பரில் தடுப்பரண் அமைந்தது. இங்கே படகுகள் அந்திநேரத்தில் கரையோரம் ஒதுங்கி, என்ஜினை அணைத்து, இரவு முழுக்க அசையாமல் காத்திருந்தன. வேகத்துக்காகக் கட்டப்பட்ட படகு கடைசியில் தன் பயனை அசையாமையில் கண்டது. கரையில் புதைத்த ஆயுதக் கிடங்குகள் பல அகப்பட்டன. 1969-இல் டெல்டாவில் எதிரியின் பெரிய பிரிவுகள் தளர்ந்ததில் இந்த அரண்களுக்குப் பங்குண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அரண் பலன் தந்தது என்பதற்குப் பொருள், முந்தைய இரண்டரை ஆண்டுகளில் சோதித்த இடம் தவறு என்பதே. அரணுக்கும் ஓர் எல்லை இருந்தது. கம்போடியாவின் சிஹனூக்வில் துறைமுகத்தில் சீன ஆயுதங்கள் இறங்கி லாரிகளில் எல்லைக்கு வந்துகொண்டிருந்தன. அமெரிக்க உளவுத் துறை அந்த அளவைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது என்பது 1970-இல் ஆவணங்கள் கிடைத்த பிறகே உறுதியாயிற்று. மேலே வாய்மடை திறந்திருக்கும்போது கீழே மீகாங்கில் வாத்துக்கூடையைச் சோதித்து என்ன பயன்?

குறுகிய கால்வாய்களுக்குள் போனபோது கரை இன்னும் நெருங்கி வந்தது. பதுங்கித் தாக்குதல்கள் கூடின. அதற்குச் சும்வால்ட் கண்ட விடை, கரையோர மரம்செடிகளைக் கருக்குவது. ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி மருந்தைத் தெளிப்பது அவருக்கு முன்பே நடந்தது என்றாலும், ஆற்றங்கரைகளில் அதை விரிவாகப் பயன்படுத்தும்படி கேட்டவர் அவர். எதிரி ஒளிய இடமில்லாவிட்டால் தன் மாலுமிகள் பிழைப்பார்கள் என்பது அவர் கணக்கு. அவருடைய மகன் மூன்றாம் எல்மோவும் அதே நீர்வழிகளில் ‘ஸ்விஃப்ட்’ ரகப் படகொன்றின் தலைவர். 1988-இல் மகன் புற்றுநோயால் இறந்தார். அந்த மருந்தே காரணம் என்று தந்தை நம்பினார். ஆயினும் அந்த முடிவு பல மாலுமிகளின் உயிரைக் காத்தது என்பதிலிருந்து அவர் மாறவில்லை. அவரது துயரம் மதிக்கத்தக்கது. அவரது கணக்கில் கரையில் வாழ்ந்தவர்கள் இடம்பெறவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க அரசு 1970-இல் அந்த மருந்தை நிறுத்தியது. ருங் சாட் காடு பெருமளவு அழிந்தது; 1978 முதல் உள்ளூர் மக்கள் நாற்று நட்டு மீட்டெடுத்த காட்டை யுனெஸ்கோ 2000-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

இப்படிக் குறை காண்பது மாலுமிகளுக்கு அநியாயம் என்று ஒரு மறுப்பு வரும். இருபது வயதுப் பையன்கள் மேலிடம் சொன்னதைச் செய்தார்கள். திட்டத்தின் குறையை அவர்கள் தலையில் ஏற்றலாமா? ஏற்றக் கூடாது, நான் ஏற்றவும் இல்லை. சோதனையை வரலாற்றின் மையத்துக்குக் கொண்டுவந்தால் அவர்களது பெருமை கூடுமே தவிரக் குறையாது. அதே வில்லியம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 ஜனவரி 9 அன்று டெல்டாவில் ஜமைக்கா பே என்ற தூர்வாரிக் கப்பலைக் கண்ணிவெடிகள் தகர்த்தன. அவர் படகு விரைந்து ஏழு பேரை மீட்டது. மூழ்கிக்கொண்டிருந்த கலத்துக்குள் இன்னொருவர் சிக்கியிருப்பது தெரிந்ததும் வில்லியம்ஸ் தண்ணீரில் குதித்தார். இழுவைப் படகின் கயிற்றைக் கட்டித் தடைகளை அகற்றி, திறப்பு வழியாக உள்ளே நீந்திப்போய் அவரை வெளியே கொண்டுவந்தார். இதற்கும் ஒரு பதக்கம் உண்டு. ஆனால் அவர் பெயரைச் சொல்லும்போது 65 படகுகள்தான் நினைவுக்கு வருகின்றன. அதுபோலவே, ஆயிரக்கணக்கான சோதனைகளில், விசையில் விரல் இருந்தும், பதற்றம் இருந்தும், சுடாமல் அனுப்பிய மாலுமிகளின் நிதானத்துக்குப் பதக்கமும் இல்லை, பத்தியும் இல்லை. சுட்ட இடங்களில் தவறியவையும் உண்டு. அவையும் எழுதப்பட வேண்டும்.

1970-இல் படகுகளில் பெரும்பாலானவை தெற்கு வியட்நாமியக் கடற்படையின் கைக்கு மாறின. அமெரிக்கப் பிரிவின் ஆவணங்கள் பத்திரமாக இருக்கின்றன. படகுத் தலைவர்களின் நேர்காணல்கள் பலவும் பதிவாகிவிட்டன. அந்த நான்கு லட்சம் சோதனைகளின் மறுபக்கத்தில் இருந்தவர்களிடம் போதிய அளவில் யாரும் போய்க் கேட்கவில்லை. எந்தச் சோதனைக்குப் பிறகு எந்தக் குடும்பம் சந்தை நாளை மாற்றியது, எந்தக் கிராமம் இரவு மீன்பிடிப்பை விட்டது, எந்தக் காவலர் நெல் மூட்டைக்குக் கையூட்டு கேட்டார், யார் கோபத்தில் முன்னணியோடு சேர்ந்தார், யார் வரி வசூலுக்குப் பயந்து ரோந்துப் படகின் வரவை விரும்பினார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் படை வென்றதா தோற்றதா என்ற விவாதத்தில் இரு தரப்புக்கும் தேவைப்படும் சான்று அவர்களிடம் இருக்கிறது. அன்று பன்னிரண்டு வயதில் சம்பானின் முனையில் உட்கார்ந்து வாத்துக்கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கும் இன்று அறுபத்தைந்துக்கு மேல். வியட்நாமிய மொழி கற்று, மி தோவிலும் சா டெக்கிலும் பென் ட்ரேயிலும் படித்துறை படித்துறையாக உட்கார்ந்து கேட்டெழுத முன்வரும் ஆய்வாளருக்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. இந்த அவையிலிருந்து ஒருவர் புறப்பட்டாலும் நல்லது. உடனே புறப்பட வேண்டும்.